அடுக்குற்பத்தியா, வனைவா? கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர்,

தொழினுட்ப மாணவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை மருதானை அச்சகத்துக்குப் போகவேண்டும். பொருளைப் படலம் படலமாக ஏற்றி உருவாக்கும் முறையைப் பற்றிய அத்தியாயத்துக்கோ இன்னும் தலைப்பில்லை. அதற்கொரு சொல் கேட்டிருந்தேன், உங்கள் மறுமொழிகளைப் பார்த்தேன்.

"முப்பரிமாண அச்சு" பழகிவிட்டது, அதுவே போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வார்ப்புப் பட்டறையில் அச்சென்றால் உருக்கிய உலோகத்தை ஊற்றும் அச்சுத்தான். அச்சே வேண்டாம் என்பதல்லவா இம்முறையின் முதற் சிறப்பு? பெயரில் அச்சை வைத்துக்கொண்டு, "இதற்கு அச்சுத் தேவையில்லை" என்று விளக்கப்போகும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலத்தின் additive manufacturing என்பதை அப்படியே பெயர்த்துக் "கூட்டல் உற்பத்தி" என்றால், கட்டியைக் கடைந்தும் செதுக்கியும் எடுக்கும் பழைய முறை "கழித்தல் உற்பத்தி" ஆகிவிடும். அன்றைய வகுப்பு சிரித்தே கலைந்துவிடும்.

இடியப்ப உரலைக் காட்டிப் "பிழிவாக்கம்" என்று முன்மொழிந்த அம்மையாரின் நுட்பத்தை மெச்சுகிறேன். வெள்ளவத்தையில் ஒரு மாணவர் வீட்டில் அத்தகைய கருவி இயங்குவதைப் பார்த்தேன். உருகிய பிளாஸ்டிக் நூலாக இறங்கித் தட்டின்மேல் சுற்றிச் சுற்றிப் படிந்தது. படலம் ஒன்று 0.2 மில்லிமீற்றர், எனவே 2 சென்ரிமீற்றர் உயரப் பற்சில்லுக்கு 100 படலங்கள். ஆறியபின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டினேன், வரிவரியாகத் தட்டுப்பட்டது. ஆயினும் இத்துறைச் சொற்களை வரையறுக்கும் சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ/ஏஎஸ்டிஎம் 52900 கூறும் ஏழு வகைகளுள் பிழிதல் ஒன்று மட்டுமே. 1986இல் அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல் காப்புரிமை பெற்ற முறையில் திரவப் பிசின் ஒளிபட்டு இறுகுகிறது. லீப் விமான எஞ்சினின் எரிபொருள் தெளிமுனையை உலோகத் தூளை லேசரால் உருக்கிச் செய்கிறார்கள். ஏறத்தாழ 20 துண்டுகளை இணைத்துச் செய்துவந்த உறுப்பு ஒரே துண்டாகி, எடையும் 25 சதவீதம் குறைந்தது. அங்கே பிழிவதற்கு எதுவுமில்லை. அடுக்குவதே ஏழுக்கும் பொது.

ஆகவே "அடுக்குற்பத்தி" என்கிறேன். உற்பத்தி வடசொல் என்போருக்கு "அடுக்காக்கம்" இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையில் எவரும் ஆக்கம் என்பதில்லை, எங்கள் வீடுகளில் ஆக்குவது சோறும் கறியும்தான். குற்றியலுகரம் கெட்டு நிற்கும் இச்சொல் மாணவருக்குப் புரியாதெனில் முதல் முறை மட்டும் பிரித்தெழுதுவோம். யாழ்ப்பாணத்து ஐயாவின் "வனைவு" அழகுதான்; எனினும் குயவர் மண்ணைச் சேர்ப்பதுமில்லை, குறைப்பதுமில்லை, இருக்கும் திரளையே உருமாற்றுகிறார். நியமம் அதனைத் தனி இனமாகவே பிரிக்கிறது.

*யாழ்ப்பாணத்திலிருந்து மறுமொழி:*

தம்பி, நீங்கள் சக்கரத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். நெற்குதிர் எந்தச் சக்கரத்திலே சுழன்றது? ஈரமண் வளையத்தை வைத்து, அது சற்று இறுகும்வரை காத்திருந்து, அதன்மேல் அடுத்த வளையத்தை ஏற்றி ஆளுயரத்துக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் கருவி செய்வதும் அதுதானே? மேலும் வனைதலில் கைத்திறன் இருக்கிறது. அடுக்குதலோ பெட்டி அடுக்குபவனும் செய்வது.

*கொழும்பிலிருந்து:*

ஐயா, நெற்குதிரை மறந்தது என் பிழை. ஆயினும் இதுவரை எழுதியவர்களுள் எழுவர் "அடுக்குற்பத்தி"க்கும் மூவர் "முப்பரிமாண அச்சு"க்கும் இசைந்திருக்கிறார்கள். "வனைவு" தங்களோடு தனித்து நிற்கிறது. தலைப்பில் "அடுக்குற்பத்தி"யை இடுகிறேன், "முப்பரிமாண அச்சு" என்பதை அடைப்புக்குறிக்குள் தருகிறேன். குதிருக்கு ஒரு படம் வேண்டும். தங்களிடம் இருந்தால் வியாழனுக்குள் அனுப்பிவையுங்கள்.