மறுமொழி: சிற்றுருக் கலைச்சொற்கள் – 'வாஷ்' என்பதற்குக் 'கழுவல்' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

போர் ஆட்டங்களுக்கான சின்ன பொம்மைகளை ஒட்டிப் பெயின்ட் அடிக்கிற வேலையின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடி இங்கே போட்டிருந்த பட்டியலை முழுதாகப் படித்தேன். மினியேச்சருக்குச் 'சிற்றுரு' நன்றாக இருக்கிறது. 'நுண்ணுரு' என்றால் நுண்ணோக்கி வைத்துப் பார்க்க வேண்டியதோ என்று தோன்றும். வார்ஹாமர் என்ற மேசைப்போர் விளையாட்டின் பொம்மைகள் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் அளவு, கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற பொருள். எனவே சிற்றுருவே இருக்கட்டும்.

> வாஷ் – கழுவல்

பெயின்டின்மேல் விடுகிற நீர்த்த சாயத்துக்குப் பட்டியல் தந்த இந்தச் சொல்தான் இடிக்கிறது. இந்த வேலையில் உண்மையாகவே கழுவுகிற கட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ரெசின் (ஊற்றி இறுகவைக்கிற பிசின்) வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டாமல் கழன்று வருவதற்காக உள்ளே ஒரு வழுக்குப் பூச்சு தடவுவார்கள். அதில் கொஞ்சம் துண்டுகளின் மேலேயே தங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுக்காவிட்டால் பெயின்ட் பிடிக்காது, உரிந்து வரும். 'நன்றாகக் கழுவிக் காயவைக்கவும்' என்று மேலே எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி 'இப்போது கழுவல் இடவும்' என்றால், புதிதாக வருகிறவர் பெயின்ட் அடித்த பொம்மையைக் குழாயடிக்குக் கொண்டுபோனாலும் ஆச்சரியமில்லை.

வாஷ் என்னதான் செய்கிறது? வார்ஹாமரின் கற்பனை உலகிலுள்ள பிரெட்டோனியா நாட்டுக் குதிரைவீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 2024இல் 'தி ஓல்ட் வேர்ல்ட்' ஆட்டத்தோடு வார்ஹாமரைத் தயாரிக்கிற கேம்ஸ் ஒர்க்ஷாப் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்த பழைய பிளாஸ்டிக் தொகுப்பு அது. குதிரைமேல் போர்த்திய துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அதற்கு நீலம் அடித்து முடித்ததும் பார்த்தால் சப்பென்று இருக்கும். அதன்மேல் நீர்க்க இருக்கிற அடர்நீலச் சாயத்தைத் தூரிகை நிறைய எடுத்து விட்டால், அது மேட்டில் நிற்காமல் மடிப்புக்குள் இறங்கி, அங்கே தேங்கிக் காயும். மேடு வெளிர், பள்ளம் அடர். நிழல் தானாக விழுந்துவிடும். ஒரே இடத்தில் அதிகமாகத் தேங்கினால் வெற்றுத் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் வளையமாகக் கறை படியும். வீரனின் சங்கிலிக் கவசத்துக்குப் பலரும் 'நல்ன் ஆயில்' என்ற கறுப்பு வாஷ் விடுவார்கள். பெயரில்தான் ஆயில், புட்டிக்குள் இருப்பது தண்ணீரில் கரையும் அக்ரிலிக்.

அதனால் என் பரிந்துரை 'இறங்குசாயம்'. 'நிழற்பூச்சு' என்று ஒருவர் சொல்லியிருந்தார், கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் 'பூச்சு' என்றதும் சீராகப் பரப்பத் தோன்றும். இது பரப்புகிற பொருள் இல்லை, ஓடவிடுகிற பொருள். தவிர, தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக நிழல் ஏற்றுவது தனி வேலை, அதற்கும் ஒரு சொல் மிச்சம் இருக்க வேண்டும்.

> டிரைபிரஷ் – உலர்தூரிகை

இது கருவியின் பெயர்போல ஒலிக்கிறது, கடையில் போய் 'ஒரு உலர்தூரிகை கொடுங்கள்' என்று கேட்கலாம்போல. செய்கிற வேலை என்னவென்றால், பெயின்டைத் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மிச்சமிருப்பதை மேடுகளில் மட்டும் பிடிக்கிற மாதிரி தேய்ப்பது. இறங்குசாயத்துக்கு நேர் எதிர். 'மேட்டுத்தேய்ப்பு' என்று வைத்தால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

'அடிப்பூச்சு' பட்டியலில் இரண்டு இடத்தில், பிரைமருக்கும் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிப்பது) பேஸ்கோட்டுக்கும் (அதன்மேல் அடிக்கிற முதல் நிறம்) வருகிறது. பெயின்டர்கள் எல்லோரும் பிரைமர் என்றே சொல்வதால் அதை அப்படியே விட்டு, பேஸ்கோட்டை 'அடிநிறம்' ஆக்கினால் குழப்பம் தீரும்.

அப்புறம் பசை. ஒரே சொல்லால் ஒப்பேற்ற முடியாத இடம் இது. பிளாஸ்டிக் சிமென்ட் எனப்படுவது பொம்மையின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே இளக்குகிறது; இரண்டு துண்டின் பரப்பும் கரைந்து ஒன்றாகிப் பிறகு இறுகும். ரெசினிலும் உலோகத்திலும் அதற்கு வேலையே இல்லை, எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் கையை எடுத்ததும் விழுந்துவிடும். அங்கே சயனோஅக்ரிலேட் வேண்டும், அதாவது நம் ஊரில் ஃபெவிக்விக் என்றால் புரிகிற வகை. முன்னதற்குக் 'கரைபசை' என்கிறேன். பின்னதற்கு 'சூப்பர் குளூ' போதும், அதை மாற்றி யாருக்கும் நன்மையில்லை. கரைபசை என்ற பெயரிலேயே இன்னொரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அதற்குப் பிளாஸ்டிக் எட்டாது, முதலில் கத்தியால் சுரண்டிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் துண்டுகள் கோத்து வருகிற ஸ்ப்ரூவுக்குச் 'சட்டம்', துண்டு அதில் தொங்குகிற சின்ன இணைப்புக்குக் 'காம்பு'. காம்பைத் துண்டை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டி, பிறகு சீவுவார்கள். அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் துண்டின்மேல் எழும் மோல்டு லைனுக்கு 'அச்சுக்கோடு' என்று இருக்கிறது, தப்பில்லை. எனக்கு 'அச்சுத்தழும்பு' இன்னும் பிடிக்கும். கோடு என்றால் விட்டுவிடலாம் என்று தோன்றும், தழும்பு என்றால் கை தானாகக் கத்தியைத் தேடும். பிரைமர் அடிக்கிற வரை கண்ணுக்கே தெரியாது. மேட்டுத்தேய்ப்பு வந்ததும் குதிரையின் முதுகில் வெள்ளையாக ஒரு வரி எழும்பி நிற்கும்.

எனக்கு வழி தெரியாத சொல் 'சப்-அசெம்பிளி'. குதிரை தனி, வீரன் தனி, கேடயம் தனி என்று பாதி மட்டும் சேர்த்து நிறுத்தி, பெயின்ட் அடித்த பிறகு முழுதாக ஒட்டுவது. கேடயத்தை முதலிலேயே ஒட்டினால் அதன் பின்னாலுள்ள மார்புக்குத் தூரிகை போகாது. 'துணைக்கோப்பு' என்றால் அலுவலக ஃபைல் நினைவுக்கு வருகிறது. 'பகுதிக்கூட்டு' என்று ஒரு யோசனை, ஆனால் கூட்டு எனக்கே சமையல்கட்டை விட்டு வெளியே வர மறுக்கிறது. 'அரைப்பூட்டு' எப்படி இருக்கும்? பூட்டி முடிக்காமல் நிறுத்தியது என்ற பொருளில். மோட்டார் மெக்கானிக்குகள் இதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் எழுதுங்கள்.