ஏசி காஸ் திரும்பவும் குறையுது, எங்க ஒழுகும்?

வெள்ளவத்தை வாசி:
கடற்கரைப் பக்க மாடி வீடு. ஆர்32 காஸ் இன்வெர்ட்டர் ஏசி. போன வருஷம் காஸ் அடிச்சது, இப்ப திரும்பக் குளிர் இல்லை. வெளி யூனிட்டில செம்புக் குழாய் பூட்டுற நட்டடியில எண்ணெய்ப் பிசுக்கு, அதில தூசி அப்பியிருக்கு. வந்தவர் "காஸ் குறையிறது வழமைதான்" எண்டார். உண்மையா?

தெஹிவளை ஏசி வேலை:
இல்லை அண்ணை. காஸ் எரிஞ்சு முடியிற சாமான் இல்லை, குறைஞ்சா ஒழுக்குத்தான். கம்பிரசர் எண்ணெய் காஸோட சேர்ந்து சுத்தும். கசியிற இடத்தில பிசுக்காத் தங்கும். நான் பாக்கிறதில கனக்க ஃபிளேர் வாய்தான், அதாவது நட்டுக்குள்ள பூட்ட விரிச்ச குழாய் முனைதான் பிழை. குழாயை வெட்டிப் பிசிறு எடுக்காமல் விரிச்சா, விளிம்பில முடி மாதிரிக் கீறல் விழும். பிறகு நட்டை எவ்வளவு இறுக்கியும் அடங்காது, செம்புதான் மெலிஞ்சு வெடிக்கும். கால் அங்குலக் குழாய்க்கு டோர்க் ஸ்பேனரில (இறுக்கிற அளவைக் காட்டுற ஸ்பேனர்) 14–18 நியூட்டன் மீற்றர் போதும்.

பழைய வாயை வெட்டிப் புதுசா விரிக்கச் சொல்லுங்கோ. குழாய்க்குள்ள நைட்ரஜன் அடிச்சு, சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருதோ எண்டு பாத்து, வேக்யூம் இழுத்து உள்காத்தை எடுத்த பிறகுதான் காஸ், அதுவும் தராசில நிறுத்து. ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது, காஸ் இருக்கேக்க ஒருத்தரும் வெல்டிங் டோர்ச் பிடிக்க விடாதேங்கோ.

பம்பலப்பிட்டி அக்கா:
எங்களுக்கு நட்டு சரி, உப்புக்காத்தில வெளிக் கொயில்தான் அரிச்சுப் போச்சு. அதையும் பாக்கச் சொல்லுங்கோ தம்பி.

வெள்ளவத்தை வாசி:
நன்றி. நைட்ரஜன் சிலிண்டர் கொண்டு வாறவரைத்தான் கூப்பிடப் போறன்.