ஆடு நத்தையைத் தின்றா ஈரலில் புழு வருகிறது?

கிடைக்காரன்:
"ஆடு நத்தையைத் தின்பதால்தான் ஈரலில் தட்டைப்புழு வருகிறது, வயலில் நத்தையைப் பொறுக்கிவிட்டால் போதும்" என்று டெல்டாராசு அண்ணன் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புழுவின் முட்டை புழுக்கையோடு தண்ணீரில் விழுகிறது. பொரிக்கும் குஞ்சு ஒரு நாளைக்குள் நத்தைக்குள் நுழையாவிட்டால் செத்துவிடும். நுழைந்தால் அங்கே பல்கிப் பெருகி, ஒன்றிரண்டு மாதம் கழித்து நீந்தி வெளியே வந்து புல் தண்டில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். ஆடு தின்பது அந்தப் புல்லை. நத்தையை அல்ல.

டெல்டாராசு:
தம்பி, முப்பது வருசமாக ஆடு வைத்திருக்கிறேன். செத்த ஆட்டை அறுத்தபோது வயிற்றில் நத்தை ஓடு கிடந்தது. கண்ணால் கண்டதைப் பொய் என்கிறீர்களா?

கிடைக்காரன்:
ஓடு புல்லோடு சேர்ந்து போயிருக்கும். நத்தைக்குள் இருக்கும்வரை அந்தப் புழு ஆட்டைத் தொற்றும் பக்குவத்துக்கே வராது. வெளியே வந்து கூடு கட்டினால்தான் தொற்றும்.

மேச்சேரிக்காரன்:
எங்கள் ஊரில் வயலும் இல்லை, நத்தையும் இல்லை. ஆனாலும் ஆட்டுக்குத் தாடையில் நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறது. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்தேன், சரியாகிவிட்டது. இரண்டு பேரும் தப்பு.

கிடைக்காரன்:
அது இரைப்பையில் ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு. தட்டைப்புழுவைப் போலவே அதற்கும் தாடை வீங்கும், கண் இமை வெளுக்கும். தட்டைப்புழுவுக்கு ஐவர்மெக்டின் கேட்காது. அதை நம்பித்தான் போன தை மாதம் பதினொரு தாய் ஆடுகளைப் பறிகொடுத்தேன். கடைக்காரர் "எல்லாப் புழுவுக்கும் இதுதான்" என்று கொடுத்தார். ஆக்சிக்ளோசனைடு என்ற மருந்து பித்தக்குழாயில் இருக்கும் பெரிய புழுவைத்தான் கொல்லும். ஈரலைத் துளைத்துக்கொண்டிருக்கும் குஞ்சுப்புழுவையும் சேர்த்துக் கொல்ல டிரைக்ளாபெண்டசோல் வேண்டும். இதெல்லாம் ஆடு செத்த பிறகு கற்றது.

டெல்டாராசு:
மருந்துப் பேச்சை விடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து ஆட்டை வயலில் அடைத்துக் கிடை போட வருகிறவர்கள்தான் இந்தப் புழுவை எங்கள் வயலுக்குக் கொண்டு வருகிறார்கள். அதைச் சொன்னால் கோபம் வருகிறது.

கிடைக்காரன்:
ஆட்டுப் புழுக்கை உரம் வேண்டும் என்று மந்தைத் தலைவரான கீதாரியைத் தேடி வந்து கூப்பிடுவது யார் அண்ணே? எங்கள் வறண்ட சீமையில் வருசம் பூராவும் தண்ணீர் நிற்காது, அந்த நத்தையும் இல்லை. உங்கள் வாய்க்கால் ஓரத்தில் மேய்ந்துதான் என் ஆடுகளுக்குப் புழு வந்தது. செத்தது என் ஆடு, பழியும் எனக்கா?

கால்நடைமாணவி:
இந்தப் புழுவை நத்தைதான் இடையில் தாங்குகிறது என்பதை 1880களிலேயே இங்கிலாந்தில் தாமஸ், ஜெர்மனியில் லூக்கார்ட் என்ற ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போது இங்கிலாந்தில் லட்சக்கணக்கான ஆடுகள் இதனால் செத்திருந்தன.

டெல்டாராசு:
பார்த்தீர்களா! நத்தைதான் என்று பாப்பாவே சொல்லிவிட்டது. நான் சொன்னதும் அதுதானே? என் வயலில் வாத்து விட்டேன். நத்தையை எல்லாம் தின்றது, புழு குறைந்தது.

கிடைக்காரன்:
நத்தை இல்லாமல் புழு இல்லை என்பது வேறு, ஆடு நத்தையைத் தின்கிறது என்பது வேறு. அதை ஏன் திரும்பத் திரும்பக் குழப்புகிறீர்கள்? அப்புறம், நீங்கள் பொறுக்கச் சொல்லும் பெரிய வயல் நத்தை இந்தப் புழுவைத் தாங்குவதே இல்லை. தாங்குவது விரல் நகம் அளவு மெல்லிய ஓட்டு நத்தை. சேற்றிலும் பாசியிலும் ஒட்டிக் கிடக்கும், கையால் பொறுக்கி மாளாது. வாத்து தின்னும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

டெல்டாராசு:
ஒத்துக்கொண்டீர்கள், அது போதும்.

மேச்சேரிக்காரன்:
ஐவர்மெக்டினைக் குறை சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. என் ஆடு பிழைத்தது பொய்யா?

கிடைக்காரன்:
உங்கள் ஆட்டுக்கு வந்தது வேறு புழு என்று எத்தனை தடவை எழுதுவது? புழுக்கையை ஆஸ்பத்திரியில் கொடுத்து முட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெல்டாராசு:
வயிற்றில் கிடந்த நத்தை ஓட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் படம் போடுகிறேன்.

கிடைக்காரன்:
போடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசையும் வைத்து எடுங்கள். எந்த நத்தை என்று அளந்தே பார்த்துவிடலாம்.