உலகம் தடுக்கத் தவறியது என்று சொல்வது சரியா? இரண்டு ஆவணப்படங்களை முன்வைத்து

கெடிலக்கரை (கடலூர்):
போன ஞாயிறு புதுச்சேரியில் நண்பர்கள் கூடி, 1994இல் டுட்சி இனத்தவர் படுகொலை செய்யப்பட்டபோது ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஐ.நா. படைத்தளபதியாக இருந்த ரோமியோ டலேர் பத்தாண்டு கழித்து அந்த மண்ணுக்குத் திரும்புவதைக் காட்டும் ஆவணப்படத்தைப் பார்த்தோம். நெஞ்சு கனத்தது. ஆனாலும் இத்தகைய படங்கள் ஒரு பொய்யான நம்பிக்கையை வளர்க்கின்றன என்பது என் கருத்து: தெரிந்திருந்தால் உலகம் தடுத்திருக்கும் என்ற நம்பிக்கை. தெரிந்துதான் இருந்தது. மறைத்து வைக்கப்பட்ட ஆயுதங்களைப் பற்றியும், 20 நிமிடங்களில் 1,000 பேர் வரை கொல்லக்கூடிய ஆட்கள் பயிற்றப்பட்டிருப்பதாக ஒருவர் கூறியதைப் பற்றியும் 1994 ஜனவரி 11 அன்றே டலேர் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு எழுதினார். ஆயுதங்களைத் தேடிச் சோதனை நடத்த வேண்டாம் என்றே பதில் வந்தது. ஏப்ரல் 7இல் கொலைகள் தொடங்கின. இரண்டே வாரத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. எல்லாம் முடிந்தபின் வரும் படம் யாரைக் காப்பாற்றும்?

நெய்தல் (புதுச்சேரி):
காப்பாற்றுவது மட்டும்தான் படத்தின் வேலையா, ஐயா? இலங்கையின் இறுதிப்போரில் பொதுமக்களுக்குச் சேதமே இல்லை என்று கொழும்பு அரசு சொல்லிவந்த நிலையில், 2011 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய படத்தில், கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படுவதைச் சிப்பாய்களே கைப்பேசியில் எடுத்த காட்சிகள் இருந்தன. 2009 மே மாதம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் அந்தப் போர் முடிந்ததை வரவேற்றுத் தீர்மானம் போட்டபோது இந்தியா அதை ஆதரித்தது. அதே இந்தியா 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. மணல் மூட்டைகளுக்கு நடுவே தின்பண்டத்துடன் உட்கார்ந்திருந்த பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் 2013இல் வெளிவந்தபின் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்ததை நாம் பார்த்தோமே.

கெடிலக்கரை:
2014இல் சர்வதேச விசாரணைக்கான தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அம்மா. கண்ணீர் ஓராண்டு கூட நிற்கவில்லை.

துமாஸ் வீதி (புதுச்சேரி):
இருவரும் 'உலகம்' என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது. என் தாய்மாமா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் அவரைச் 'சொல்தா' (பிரெஞ்சில் சிப்பாய்) என்றுதான் அழைப்பார்கள். அவர் ஓய்வூதியம் பெறும் அதே பிரான்ஸ், 1990 முதல் ருவாண்டாவின் அன்றைய அரசுப் படைக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துவந்தது. கொலைக்கு உடந்தை என்பதற்குச் சான்று இல்லை என்றாலும் பிரான்சுக்குக் கனத்த பொறுப்பு உண்டு என்று, அந்நாட்டு அதிபரே அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2021இல் எழுதியது. படைகுறைப்பு பற்றிப் பாதுகாப்பு அவை பேசியபோது, கொன்றுகொண்டிருந்த அரசின் தூதரே அங்கே உறுப்பினராக அமர்ந்திருந்தார். இதற்குப் பெயர் தலையிடாமையா? 'உலகம் தவறியது' என்று எழுதும்போது எவர் எந்தக் கையெழுத்தைப் போட்டார் என்பது மறைந்துவிடுகிறது. பார்வையாளரை அழவைத்து அனுப்பிவிடும் படங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கையெழுத்துகளைத் தேடிப் போகும் படத்தை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

கெடிலக்கரை:
கையெழுத்துகளைக் காட்டும் படம் என்றால் நானும் உடன்படுகிறேன். ஆனால் ருவாண்டாவில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் இறந்ததற்காக அந்த அவையில் கையுயர்த்திய எவரும் பதவி இழந்ததாக நான் அறியவில்லை என்பதால், என் முதல் கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை.

நெய்தல்:
ஐயா, உங்கள் மாவட்டத்து ஈழத்தமிழ் அகதிகள் முகாம் ஒன்றில் சேனல் 4 படத்தை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது நானும் இருந்தேன். யாரைத் தண்டிப்பார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வயதான அம்மா மட்டும் மருத்துவமனைக் காட்சியை மூன்று முறை திரும்ப ஓட்டச் சொன்னார். தம்பியைக் கடைசியாக அங்கே படுக்க வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டாராம். தரையில் கிடந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.