‘இம்ப்ளை’: விருப்பச் சார்பா, தளர்சார்பா?

> லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மைய நிரல்) எவற்றைச் சேர்ப்பது என்று தெரிவுசெய்யும் கேகான்ஃபிக் அமைப்பில் வரும் ‘இம்ப்ளை’ என்ற கட்டளைச் சொல்லுக்குத் தமிழில் ‘விருப்பச் சார்பு’ என்று வைக்கலாம். வேண்டுமானால் சேர்ப்போம், வேண்டாவிட்டால் விடுவோம் என்பதுதானே பொருள்?

வணக்கம். அந்தப் பொருள்தான் இடிக்கிறது. லினக்ஸ் கர்னலில் எக்ஸ்ட்4, எஃப்2எஃப்எஸ், யூபிஐஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் மூன்றும் கோப்பு மறையாக்கத்துக்கு எஃப்எஸ்கிரிப்ட் என்ற பொது நிரலகத்தையே நம்பியிருக்கின்றன. ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை, அதைப் பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ், சிபிசி, சிடிஎஸ் என்ற வினைமுறைகள் ஆகியவற்றின் பொது நிரல்களை (எல்லாச் செயலிகளிலும் ஓடுபவை) 2021 வரை கேகான்ஃபிக்கின் ‘செலெக்ட்’ கட்டளை கட்டாயமாக இழுத்து வந்தது. பிறகு அதை ‘இம்ப்ளை’ ஆக்கினார்கள். செயலிக்கே உரிய விரைவு நிரல் இருக்கும்போது பொது நிரலும் கூடவே ஏறத் தேவையில்லை என்பது காரணம். பொது ஏஇஎஸ் நிரல் அட்டவணைகளைப் பார்த்துக் கணக்கிடுகிறது. அதற்கு ஆகும் நேரத்தை அளந்தே சாவியை ஊகிக்க வழி உண்டு என்பதால், அதை நீக்க விரும்புவது நியாயமே.

ஆனால் எக்ஸ்டிஎஸ் என்ற வினைமுறை ஏதாவது ஒரு வடிவில் இருந்தே ஆக வேண்டும். ‘விருப்பம்’ என்று படித்தவர் மாற்று நிரல் இருக்கிறதா என்று பாராமல் அதன் பொது நிரலை அணைத்துவிடுவார். கர்னல் பிழையின்றிக் கட்டப்படும், கணினியும் எழும்பும். வழக்கமான அமைப்பில் கோப்புப் பெயர்கள் சிடிஎஸ் வழியாகவும் உள்ளடக்கம் எக்ஸ்டிஎஸ் வழியாகவும் மறைக்கப்படுகின்றன. அதனால் சாவியைச் சேர்த்ததும், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை பெயர்களை ஒழுங்காகக் காட்டும். கோப்பைத் திறந்தால் ‘பேக்கேஜ் நாட் இன்ஸ்டால்டு’ என்று வரும். எந்தப் பொதியை நிறுவினாலும் தீராது. கர்னலின் ‘டிமெசேஜ்’ பதிவில் எக்ஸ்டிஎஸ் ஆதரவு இல்லை என்ற வரியைப் பார்த்தால்தான் காரணம் புரியும்.

இன்னொரு சிக்கல்: கர்னலில் பதிவான மறையாக்க நிரல்களைப் பட்டியலிடும் ‘ப்ராக்/கிரிப்டோ’வில் பெயர் இல்லை என்பதற்காக நிரல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எக்ஸ்டிஎஸ் போன்ற வார்ப்புருக்கள் (வேறொரு மறையாக்க நிரலோடு சேர்ந்து இயங்குபவை) யாராவது கேட்கும்போதுதான் அங்கே பதிவாகின்றன. காலி அடைவு ஒன்றுக்கு மறையாக்கக் கொள்கையைப் பொருத்தி, ஒரு கோப்பை எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.

ஆகவே ‘தளர்சார்பு’ என்பதை முன்வைக்கிறேன். தேவை அப்படியே நிற்கிறது, குறிப்பிட்ட நிரலோடு உள்ள பிணைப்பு மட்டும் தளர்கிறது என்பதை அது சரியாகச் சொல்கிறது.

> ‘தளர்ச்சார்பு’ என்று ஒற்று மிக வேண்டாமா? பள்ளிக் கணக்கில் ‘சார்பு’ வேறு பொருளில் (ஃபங்ஷன்) இருக்கிறதே?

வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, சுடுசோறு போல. கணக்கில் வரும் சார்போடு குழப்பம் வருவது தனிச்சொல்லாக நிற்கும்போதுதான். அடைமொழியோடு வந்தால் வராது. தனியாக எழுத வேண்டிய இடங்களில் ‘சார்புநிலை’ என்றே எழுதுவோம்.

‘செலெக்ட்’டுக்குக் ‘கட்டாயச் சார்பு’ போதும். கேகான்ஃபிக்கின் இன்னொரு கட்டளையான ‘டிபெண்ட்ஸ் ஆன்’ வேறு வகை: அது எதையும் இழுக்காது, நிபந்தனை நிறைவேறாவிட்டால் தெரிவையே மறைத்துவிடும். அதற்கு ‘முன்தேவை’ பொருந்தும்.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா?

தளர்சார்பு: இயல்பாகச் சேரும், பயனர் அணைக்கக்கூடிய சார்புநிலை, அணைத்தால் அதே பணிக்கு மாற்று நிரல் இருக்க வேண்டும்.