கண்ணாடியில் ஒட்டிய திருமணப் படமும் சிவந்துபோன அல்பமும்: மீட்டெடுக்க வழி உண்டா?

கேள்வி (வெள்ளவத்தை)

அம்மம்மாவின் அல்பத்தில் 1970களில் எடுத்த வண்ணப் படங்கள் முழுவதும் சிவந்துவிட்டன. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பழுப்பேறியுள்ளன. கடற்காற்று படும் வீடு என்பதால், சுவரில் மாட்டியிருந்த அவருடைய திருமணப் படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைத் தொலைபேசிச் செயலி ஒன்றில் இட்டபோது படம் பளிச்சென்று வந்தது. ஆனால் அம்மா பார்த்துவிட்டு, "இது எங்கட அப்பா இல்லை" என்றார். முறையாகச் செய்வது எவ்வாறு?

பதில் 1

கண்ணாடியிலிருந்து படத்தைப் பிரிக்க முயல வேண்டாம். படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றியிருப்பதால், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, இரு பக்கமும் சரிவாக வெளிச்சம் விழச் செய்து, கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டிப் படமெடுத்தால் பிரதிபலிப்பு பெருமளவு குறையும்.

மற்றப் படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கான் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்திருங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களையும் வண்ணத்திலேயே ஸ்கான் செய்வது நல்லது; வண்ணக் கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அலைவரிசைகளாக (நிறப் படலங்களாக) இருக்கும்; பழுப்புக் கறை நீல அலைவரிசையில்தான் அதிகம் தெரியும் என்பதால், பின்னர் சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் கறையின் பெரும்பகுதி தானாகவே மறைந்துவிடும்.

பதில் 2

வண்ணப் படத்தில் மூன்று சாயங்கள் உள்ளன. அக்காலத்துத் தாள்கள் பலவற்றில், அல்பத்துக்குள் மூடிக் கிடந்தாலும் சயான் (நீலப்பச்சை) சாயமே முதலில் மங்கும். சிவப்பு மேலோங்குவது அதனால்தான். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளில் 'லெவல்ஸ்' பகுதியைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் வரைபடத்தையும் தனித்தனியே இரு முனைவரை இழுத்துவிட்டு, படத்தில் உள்ள வேட்டியோ வெள்ளைச் சட்டையோ வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அது சரியானால் மற்ற நிறங்களும் ஏறத்தாழச் சரியாகும்.

பதில் 3

உங்கள் அம்மா சொன்னது சரி. 2021இல் வெளிவந்த ஜிஎஃப்பிகான் போன்ற முகச் சீரமைப்புக் கருவிகள், இணையத்தில் திரட்டிய 70,000 முகப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. மங்கிய கண்ணையும் வாயையும் அவை மீட்பதில்லை, பொருத்தமாகத் தோன்றுவதைப் புதிதாக வரைகின்றன. நிறமூட்டும் கருவிகளும் அப்படியே. கூறைச்சேலை என்ன நிறமென்று அவற்றுக்குத் தெரியாது, அதை அம்மம்மாவிடம்தான் கேட்க வேண்டும். கீறல்களையும் பூஞ்சைப் புள்ளிகளையும் கிம்பின் 'ஹீல்' கருவியால் கையாலேயே அகற்றுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். (பளபளப்பான படம்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் உறவினர் எப்போதும் ஒருவர் இருப்பார், அவருக்கு வேறு கோப்பு கொடுக்கலாம்.)

இத்தனைக்கும் முன்னர், யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ உள்ள சொந்தக்காரரிடம் அதே திருமணப் படத்தின் வேறு பிரதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்ரூடியோவில் எடுத்த படத்தைப் பல பிரதிகள் போட்டு உறவினருக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். 1983 இனக்கலவரத்தில் கொழும்பில் அல்பங்களை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அப்படிப்பட்ட பிரதிகளே மிஞ்சின. ஒன்று கிடைத்தால், உங்கள் படத்தில் பழுதான இடத்தை அதிலிருந்தே எடுத்து நிரப்பலாம்.