பஸ்ஸில் கைப்பிரதி கொடுப்பது ஒப்புரவாக்கும் ஊழியமா?

மட்டக்குளி தம்பி:
கொழும்பு காலி வீதி பஸ்ஸில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கப் போனால், "அது போதகர் வேலை, உனக்கென்ன?" என்று எங்கள் சபை அண்ணன் ஒருவரே கேட்கிறார். 2 கொரிந்தியர் 5:18 ஒப்புரவாக்குதலின் ஊழியத்தைப் போதகருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கவில்லையே! தேவனைவிட்டு விலகினவனை அவரோடு சேர்த்துவைக்க நினைக்காதவன் என்ன விசுவாசி?

வெள்ளவத்தைவாசி:
நான் சைவம். ஒரு கையில் மரக்கறிப் பை, மற்றக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சட்டைப் பைக்குள் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போகிறார்கள். 'நரகம்' என்று சிவப்பு எழுத்து. என் பெயர் தெரியாது, ஆனால் கடவுளுக்கும் எனக்கும் பகை என்பது மட்டும் தெரிந்துவிட்டதாம்.

மட்டக்குளி தம்பி:
மதத்தை வெளிக்காட்ட அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உரிமை தருகிறது, அண்ணை.

வெள்ளவத்தைவாசி:
பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொன்னதே, மென்சிங்கன் சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் சபையின் விடயத்தில். சரி, சட்டத்தை விடுவோம். நான் கேட்பது மரியாதையை.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, 19ஆம் வசனத்தையும் வாசியுங்கள். உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல்தான் தேவன் ஒப்புரவாக்கினார். சிவப்புத் தாள் முதல் வரியிலேயே எண்ணத் தொடங்குகிறது. அப்புறம், பவுல் "தேவனோடே ஒப்புரவாகுங்கள்" என்று எழுதினது கொரிந்து சபைக்கு. ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவர்கள், பவுலோடேயே மனஸ்தாபப்பட்டவர்கள். முதலில் நம் வாங்கில் இருப்பவர்களைப் பாருங்கள். காணிச் சண்டையில் கோவிலுக்கே வராமல் இருந்த ஒருவரை, தமையனோடு கதைக்கவைத்த பிறகுதான் பூசைக்குக் கூட்டிவர முடிந்தது. மத்தேயு 5:24 சொல்லும் முறையும் அதுதான்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கொச்சிக்கடைக் கோவிலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கடவுளோடேயே கோபமாக இருந்தார். அவரிடம் ஒப்புரவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

மட்டக்குளி தம்பி:
அந்த இடத்தில் நானும் பேசமாட்டேன், அக்கா. ஆனால் எப்போதும் பேசாமலே இருந்தால் அது நல்ல அயலவர் குணம், ஊழியம் ஆகாது. அடுத்த வசனத்திலேயே பவுல் தம்மை ஸ்தானாபதி என்கிறார். தூது போனவன் வாய் திறக்கத்தானே வேண்டும்?

வெள்ளவத்தைவாசி:
திறவுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதையுங்கள், நானும் திருப்பிக் கேட்பேன். காலி வீதி நெரிசலில் பஸ் எப்படியும் ஊர்ந்துதான் போகும்.

மட்டக்குளி தம்பி:
நல்லது, கதைப்போம். கைப்பிரதியையும் நிறுத்தமாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்துத் தாள் எங்கள் சபை அச்சடித்ததில்லை அண்ணை!